கம்பித் திரைக்குப் பின்னால்

1703 மார்ச்சில் குருப்பட்டம் பெற்ற அந்தோனியோ விவால்டி, அதே ஆண்டு செப்டம்பரில் வெனிஸ் நகரின் பியெத்தா அநாதை இல்லத்தில் வயலின் ஆசிரியரானார். நெஞ்சுநோயால் திருப்பலி நிறைவேற்றுவதை அவர் விரைவிலேயே நிறுத்த நேர்ந்தது.

பியெத்தாவின் பிள்ளைகள் பெற்றோர் கைவிட்ட குழந்தைகள். புதிதாக வில் பிடிக்கும் சிறுமிக்கு விவால்டியின் பாடம் எளிதில் கிட்டாது. அவர் மூத்த பெண்களுக்குக் கற்பிப்பார். அவர்கள் இளையோருக்குக் கற்பிப்பார்கள். வீணையிலுள்ளது போன்ற மெட்டுகள் வயலினில் இல்லை. விரல் மயிரிழை விலகினாலும் சுரம் பிழைபடும். பிழையென்று செவிதான் சொல்லவேண்டும். அந்தச் செவியைத் தங்கைக்குப் பழக்கியவள் அக்காள். விவால்டியின் புகழ் பாடுவோர் இவளை மறப்பது நியாயமன்று.

ஆலயத்தில் அப்பெண்கள் மேல்மாடத்துக் கம்பித் திரைக்குப் பின்னிருந்து வாசித்தனர். கேட்டவர்களுக்கு முகம் தெரியாது. குடும்பப் பெயரும் அவர்களுக்கு இல்லை, கருவியே பெயராயிற்று. விவால்டி பல இசைப்படைப்புகளை யாருக்காக எழுதினாரோ, அந்த அன்னா மரியாவை 'வயலின் அன்னா மரியா' என்றே உலகம் அறிந்தது.

1709-இல் நிர்வாகிகள் வாக்கெடுத்து விவால்டியை விலக்கினர். 1711-இல் மீண்டும் அழைத்துக்கொண்டனர். இடைப்பட்ட காலத்தில் சிறுமியரின் பாடம் நின்றுவிடவில்லை. அக்காள்மார் இருந்தார்கள்.