நூறு சொல் பட்டியல்

மொழிகள் பிரிந்த காலத்தைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையை 1950களில் விதைத்தவர் அமெரிக்க மொழியியலாளர் மோரிஸ் சுவாதேஷ். கண், கை, நீர், தீ போன்ற அடிப்படைச் சொற்களை மொழிகள் எளிதில் கடன் வாங்குவதில்லை. அவை ஆயிரம் ஆண்டுக்குச் சுமார் 14 விழுக்காடு வீதம் ஒரே சீராக உதிர்கின்றன என்றார். கரிமக் காலக்கணிப்பு புதிதாக வந்திருந்த நேரம் என்பதால் இந்தக் கணக்கும் எடுபட்டது. 1952இல் இருநூறைத் தாண்டியிருந்த அவரது பட்டியல் 1955இல் நூறாகச் சுருங்கியது.

1962இல் பெர்க்ஸ்லாண்டும் ஃபோக்டும் ஐஸ்லாந்து மொழியைச் சான்றுக்கு அழைத்தார்கள். ஒரே மூலத்தில் பிறந்த நார்வே மொழியில் சொற்கள் மளமளவென்று மாற, ஐஸ்லாந்து மொழியில் அவை பெரும்பாலும் அப்படியே நின்றன. சீரான வேகம் என்ற அடித்தளம் ஆட்டம் கண்டது. கணக்கு கைவிடப்பட்டாலும் பட்டியல் பிழைத்துக்கொண்டது.

டயன், கிரஸ்கல், பிளாக் மூவரும் 95 இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்கும் வட்டார வழக்குகளுக்கும் தலா 200 சொல் தொகுத்து 1992இல் வெளியிட்டார்கள். இதன் பயனை அறுவடை செய்தவர்கள் வேறு ஆட்கள். நியூசிலாந்தின் கிரேயும் அட்கின்சனும் அந்தத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு, உயிரினங்களின் வம்சமரம் வரையும் கணினி முறையில் 87 மொழிகளை அலசினார்கள். குடும்பத்தின் வயது 7,800 முதல் 9,800 ஆண்டு என்று 2003இல் அறிவித்தார்கள். லத்தீன் முதலிய பழைய மொழிகளை இன்றைய மொழிகளின் நேர் மூதாதையராக வைத்து 2015இல் இன்னொரு குழு கணக்கிட்டபோது வயது ஏறத்தாழ 6,500 ஆண்டாக இறங்கியது.

2018இல் திராவிடத்தின் முறை வந்தது. பேசுவோரிடமே நேரில் திரட்டிய சொற்களைக் கொண்டு, 20 மொழிகளை ஆராய்ந்த குழு சுமார் 4,500 ஆண்டு என்று மதிப்பிட்டது. இத்தகைய வேலையில் கணினிக்கு முன்பே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. தமிழுக்கு நேரே ‘தீ’ என்று குறித்தால் அது மலையாளத்தின் ‘தீ’யோடு ஒரே மூலச் சொற்குழுவில் சேரும், ‘நெருப்பு’ என்று குறித்தால் தெலுங்கின் ‘நிப்பு’வோடு சேரும். கன்னடத்தின் ‘பெங்கி’ இரண்டிலும் சேராது. இரண்டையும் எழுதிவைப்பவரும் உண்டு. ஒரு மொழிக்கு இரண்டு, இன்னொன்றுக்கு ஒன்று என்றால் கணக்கு கோணிப்போகும்.

பழைய இந்தோ-ஐரோப்பியத் தொகுப்புகளில் இந்தக் கோளாறு இருப்பது தரவு பொதுவில் கிடந்ததால்தான் தெரியவந்தது. எண்பதுக்கு மேற்பட்ட வல்லுநர்கள் சேர்ந்து, பொருளுக்கு ஒரு முதன்மைச் சொல் என்ற விதியோடு 161 மொழிகளுக்கு 170 பொருள்களைப் புதிதாகத் தொகுத்தார்கள். 2023இல் அதிலிருந்து வந்த விடை ஏறத்தாழ 8,100 ஆண்டு.