ஒற்றன் முகம்: திகம்பர சாமியார் முதல் விக்ரம் வரை

ஷான் கானரியா, ரோஜர் மூரா? இந்தப் பஞ்சாயத்து இன்னும் தீர்ந்தபாடில்லை. 1962ல் டாக்டர் நோவில் ஆரம்பிச்சு 2021ல் நோ டைம் டு டை வரைக்கும் 25 படம். கானரி, லேசன்பி, மூர், டால்டன், பிராஸ்னன், கிரெய்க்னு ஆறு பேர் ஒரே கோட்டை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தாச்சு. அதைப் பத்தி எழுத உலகம் பூரா ஆள் இருக்கு. நம்ம ஊர் உளவாளிகளைப் பத்தி எழுதத்தான் ஆளில்லை. அதனால இந்தப் பதிவு.

தமிழ்ல ஒரே பேர்ல ஒரு உளவாளி ஆறு நடிகர்கள் கை மாறினதில்லை. ஆனா வேலை ஒண்ணுதான். சிஐடி, சிபிஐ, ரகசிய போலீஸ், ரா ஏஜெண்ட்னு பலகை மட்டும் மாறும். அதனால ஒப்பிடலாம், தப்பில்லை.

ஒப்பிடணும்னா ஒரு அளவுகோல் வேணுமே? வெளியூருக்கெல்லாம் போகவேண்டாம். வள்ளுவரே 'ஒற்றாடல்'னு 59வது அதிகாரம் முழுக்க இதுக்குன்னே ஒதுக்கியிருக்கார். அதில 585வது குறள் ஒற்றனுக்கு மூணு தகுதி சொல்லுது. பார்த்தா சந்தேகம் வராத உருவம். முறைச்சுப் பார்த்தாலும் அஞ்சாத கண். என்ன ஆனாலும் மனசுல உள்ளதைக் கக்காத வாய். அடுத்த குறள் துறவி வேஷம் போட்டுக்கிட்டு எங்கே வேணா புகுந்து போகலாம்னு சொல்லுது. இந்த அளவுகோலைக் கையில வெச்சுக்கிட்டு வரிசையாப் பார்ப்போம்.

நம்பியார்

துறவி வேஷம்னதும் தஞ்சாவூர்க்காரனுக்கு ஒரு பேர் ஞாபகம் வரணும். வடுவூர் துரைசாமி ஐயங்கார். தஞ்சாவூர் - மன்னார்குடி ரோட்டுல இருக்கே, அதே வடுவூர்தான். இன்னிக்கு வடுவூர்னா ஏரியும் பறவைகளும் கபடியும்தான் நினைவுக்கு வருது. ஆனா போன நூற்றாண்டின் முதல் பாதியில தமிழ்நாட்டையே ராத்திரி தூங்கவிடாம படிக்கவெச்ச துப்பறியும் நாவல்கள் அந்த ஊர்க்காரர் எழுதினதுதான். 'மேனகா' 1935ல டி.கே.எஸ். சகோதரர்கள் நடிச்சு படமாச்சு. அவரோட 'கும்பகோணம் வக்கீல்' நாவலை சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950ல 'திகம்பர சாமியார்'னு எடுத்தாங்க. டி.ஆர். சுந்தரம் டைரக்‌ஷன். வக்கீல் செய்யற அக்கிரமத்தைக் கண்டுபிடிக்கிற சாமியாரா எம்.என். நம்பியார், ஒரே படத்துல பத்துக்கும் மேல வேஷம்.

யோசிச்சுப் பாருங்க, நம்பியார் கதாநாயகன்! அப்போ அவர் முகம் யார் மனசுலயும் வில்லனா ஒட்டலை. எந்த வேஷம் போட்டாலும் அந்த வேஷமாவே தெரிஞ்சார். வள்ளுவர் கணக்குல முதல் தகுதி முழு மார்க். பின்னாடி இருபது முப்பது வருஷம் கையைப் பிசைஞ்சுக்கிட்டு வில்லனா வந்தப்புறம், இவர் சாமியார் வேஷத்துல வந்தாலே 'ஆகா, இவன்தான்டா'ன்னு கொட்டகையே சொல்லிடும் :-)

சிவாஜி, முதல் தடவை

1954 ஏப்ரல்ல வந்த 'அந்த நாள்'. ஏவி.எம். படம், வீணை எஸ். பாலசந்தர் இயக்கம். பாட்டே கிடையாது, அந்தக் காலத்துல அதுவே ஒரு சாகசம். 1943 அக்டோபர்ல சென்னைல ஜப்பான்காரன் குண்டு போட்டதுதான் பின்னணி. ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறான், யார் சுட்டதுன்னு ஜாவர் சீதாராமன் சிஐடியா வந்து விசாரிக்கிறார்.

ராஜன் வேஷத்துக்குத்தான் நிஜமாவே ஆள் மாறின கதை இருக்கு. முதல்ல எஸ்.வி. சகஸ்ரநாமம். கொஞ்ச நாள் எடுத்தப்புறம் வயசு கூடத் தெரியுதுன்னு மெய்யப்பச் செட்டியாருக்குத் திருப்தியில்லை. அப்புறம் கல்கத்தாவுல பேராசிரியரா இருந்த என். விஸ்வநாதன். அதுவும் சரிப்படலை. கடைசியாத்தான் சிவாஜி. விஸ்வநாதனைச் சும்மா நினைச்சுடாதீங்க, 1962ல சத்யஜித் ராயோட 'காஞ்சன்ஜங்கா'வுல நடிச்சவர் அவர்தான்.

சகஸ்ரநாமம் செஞ்சிருந்தா கோபம் உள்ளுக்குள்ள புகையற நடுத்தர வயசுக்காரனா இருந்திருக்கும். விஸ்வநாதன் செஞ்சிருந்தா படிச்ச மனுஷன் வழிதவறிப் போனதா இருந்திருக்கும். சிவாஜி ரெண்டையும் சேர்த்துக்கிட்டார். தன் கண்டுபிடிப்பை யாரும் மதிக்கலைங்கிற ஆத்திரத்துல நாட்டையே விக்கிறவன் அந்த ராஜன். தம்பிக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. பண்டரிபாய்க்குத்தான் கடைசில தெரியவருது, அதுவே அவன் முடிவு. 'பராசக்தி' வந்து ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகாத நேரத்துல, நம்ம சூரக்கோட்டைக் குடும்பத்துப் பிள்ளை இப்படி ஒரு தேசத்துரோகி வேஷத்தை ஒத்துக்கிட்டார். அந்தத் துணிச்சல் அப்புறம் எந்தப் பெரிய ஹீரோவுக்கு வந்தது?

எம்.ஜி.ஆர்

1967 ஜனவரில சுடப்பட்டுப் பிழைச்சு வந்தவர், 1968 பொங்கலுக்கு 'ரகசிய போலீஸ் 115'. பி.ஆர். பந்துலு இயக்கம். 007க்கு நேரா 115, நம்பர்லயே விஷயம் புரிஞ்சுடுது. ஆனா பாண்ட்கிட்ட இருந்து எடுத்தது நம்பரும் துப்பாக்கியும் கோட்டும்தான். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. பாண்டுக்கு 'கொல்ல அனுமதி'ன்னா, நம்மாளுக்கு 'திருத்த அனுமதி'. படத்துல எதிர்ப்பக்கம் யாருங்கறீங்க? அதே நம்பியார். 18 வருஷத்துல துப்பறிகிறவர் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போயிட்டார்.

வள்ளுவர் அளவுகோல்ல வாத்தியார் கண்ணுக்கும் வாய்க்கும் பாஸ். உருவத்துலதான் சிக்கல். கன்னத்துல ஒரு மச்சம், மோவாய்ல ஒரு குறுந்தாடி ஒட்டிக்கிட்டா வில்லனுக்குத் தெரியாது. தரை டிக்கெட்டுல மணல் குவிச்சு உக்காந்திருக்கிற சின்னப் பையனுக்குத் தெரிஞ்சுடும், விசிலும் அடிச்சுடுவான். அதைக் குறைன்னு சொல்ல வரலை. அந்த விசிலுக்குத்தான் அந்த மச்சமே.

சிவாஜி, இரண்டாம் தடவை

1969ல 'தங்கச் சுரங்கம்'. இயக்குனர் டி.ஆர். ராமண்ணா. தஞ்சாவூர் குஜலாம்பாள் வீட்டு வாரிசு, டி.ஆர். ராஜகுமாரியோட தம்பி. எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் ஒரே படத்துல ('கூண்டுக்கிளி', 1954) சேர்த்துக் காட்டின ஒரே ஆள். இவர் கையில சிவாஜி சிபிஐ ஆபீசர், பேர் மறுபடியும் ராஜன். ஆனா அந்த ராஜன் எங்கே, இந்த ராஜன் எங்கே! இங்கே ஸ்டைல் உண்டு, வேகம் உண்டு, அம்மா பாசமும் உண்டு. 1972ல 'ராஜா', இந்தி 'ஜானி மேரா நாம்' படத்தோட தமிழ். அதுலயும் திருடனா நடிச்சு கூட்டத்துக்குள்ள போற போலீஸ். ரசிச்சுப் பார்க்கலாம். ஆனா அது உளவாளியா வர்ற சிவாஜி. 1954ல பார்த்தது உளவாளி.

ஜெய்சங்கர்

'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்'. சோவோட விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் மேடையில இருந்து வந்தவர், 1965 பொங்கலுக்கு 'இரவும் பகலும்' முதல் படம். அடுத்த வருஷமே மாடர்ன் தியேட்டர்ஸ் 'வல்லவன் ஒருவன்'. கவனிங்க, வடுவூராரை படமா எடுத்த அதே கம்பெனி. அப்பா சுந்தரம் 1963ல காலமாகி, மகன் ஆர். சுந்தரம் இயக்கம். அப்பா சாமியாரை அனுப்பினார், மகன் கோட்டு சூட்டை அனுப்பினார். வேதா மியூசிக். 1970ல 'சிஐடி சங்கர்'. அந்தப் படத்துல நடிச்ச சகுந்தலாவுக்கு ஆயுசுக்கும் 'சிஐடி சகுந்தலா'ன்னு பேரே நிலைச்சுடுச்சு.

ஜெய்சங்கரை 'ஏழைகளின் பாண்ட்'னு சிரிச்சவங்க நிறைய. செட்டு சின்னது, கார் பழசு, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை படம். ஆனா வள்ளுவரைக் கேட்டா இவருக்குத்தான் மார்க் போடுவார்னு நான் நினைக்கிறேன். ஏன்னா இவர் முகத்துல இமேஜ்னு ஒரு பாரம் கிடையாது. ஓட்டல்ல காபி குடிக்கிற பேங்க் கிளார்க் மாதிரி உள்ளே வருவார், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டாங்க. அம்மா சென்டிமென்ட் பேசணும், ஏழையைக் காப்பாத்தணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. வந்த வேலையைப் பார்த்துட்டுப் போவார். ஒற்றனுக்கு வேண்டியது அதுதானே?

ஆனா ஒற்றனுக்கு பலமா இருக்கறது நட்சத்திரத்துக்குப் பலவீனம். கண்ணுல படாத முகத்தை ஜனங்க நினைவுல வெச்சுக்கறதில்லை. 1980ல 'முரட்டுக்காளை'ல ரஜினிக்கு வில்லனா வந்தார். நம்பியார் போன அதே பாதை. 2000ல போய்ச் சேர்ந்தார். பழைய படம் பத்தி எழுதறவங்க ரெண்டு பெரியவங்களைப் பத்தி இருபது பக்கம் எழுதிட்டு இவருக்கு ஒரு வரி விடறாங்க. எனக்கு இதுதான் ஆத்தாமை.

கமல்

1986, 'விக்ரம்'. கதை சுஜாதா, காவிரிக்கரை ஸ்ரீரங்கத்துல வளர்ந்தவர், குமுதத்துல தொடராவும் வந்தது. ராஜசேகர் இயக்கம். கடத்தப்பட்ட அக்னிபுத்ரா ஏவுகணை, சலாமியான்னு ஒரு கற்பனை ராஜ்யம், சத்யராஜ் வில்லன். தமிழ் உளவாளி முதல் தடவையா கம்ப்யூட்டர் பாஷை பேசினான். மனைவியைப் பறிகொடுத்த கோபத்தோட வேலைக்குத் திரும்புறவன். பாண்டுக்கு 1969லயே லேசன்பி படத்துல அந்தத் துக்கம் உண்டு, ஆனா தமிழுக்குப் புதுசு.

வெளியூர்ல ஆள் மாறினாங்க, பாத்திரத்துக்கு வயசாகலை. இங்கே தலைகீழ். 36 வருஷம் கழிச்சு 2022ல லோகேஷ் கனகராஜ் படத்துல அதே கமல், அதே விக்ரம், பேரனைத் தூக்கி வெச்சுக்கிட்டு. முதல் பாதி முழுக்க அவர் யாருன்னே சொல்லாம கதை நகருது. நட்சத்திர முகத்தையே மறைச்சு வெச்சு விளையாடினது எனக்குப் பிடிச்சது.

கடைசியா, நம்ம மண்ணோட அசல் ஒற்றனை விட்டுடக்கூடாது. மாயவரம் பக்கம் புத்தமங்கலத்துல பிறந்த கல்கி படைச்ச ஆழ்வார்க்கடியான். வைஷ்ணவ வேஷம், முதன்மந்திரிக்கு உளவு. வள்ளுவர் சொன்ன வேஷத்துக்கு ரொம்பப் பக்கம். 2022, 2023ல மணிரத்னம் படத்துல ஜெயராம் செஞ்சார். ஓலை எடுத்துக்கிட்டுத் தஞ்சாவூர் வர்ற வந்தியத்தேவன் (கார்த்தி) வீரன்தான், ஆனா வாய் சும்மா இருக்காது. மூணாவது தகுதியில அவன் ஃபெயில்!

என் வரிசை: 'அந்த நாள்' சிவாஜி, ஜெய்சங்கர், 'திகம்பர சாமியார்' நம்பியார், அப்புறம்தான் மத்தவங்க. வாத்தியார் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வாங்க. ஆனா வர்றதுக்கு முன்னாடி 'வல்லவன் ஒருவன்' ஒரு தடவை பார்த்துட்டு வாங்க.