இரு தலைமைகளின் கீழ் ஒரு பணி: மலாயாத் தோட்ட மருத்துவமனையில் டிரஸர்

மலாயா இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களின் நினைவில் 'டிரஸர்' இரு முகங்களோடு நிற்கிறார். எந்த நோய்க்கும் ஒரே கலவை மருந்தை ஊற்றிக் கொடுத்தவர் என்பது ஒரு முகம். நள்ளிரவில் விளக்கேந்தி லயத்திற்கு ஓடிவந்து பிரசவம் பார்த்தவர் என்பது மற்றொன்று. இவ்வேறுபாட்டைத் தனிமனிதக் குணத்தால் விளக்குவதே நம்மிடையே வழக்கமாக உள்ளது. அப்பணி வடிவமைக்கப்பட்ட முறையையும் நோக்கினாலன்றி இவ்விளக்கம் நிறைவுபெறாது என்பது இக்கட்டுரையின் கருத்து.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடழித்துத் தோட்டங்கள் உருவாக்கப்பட்டபோது மலேரியா பெருமளவில் உயிர்களைப் பலிகொண்டது. 1910இல் இந்தியர்க்கான ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தபின், நோய் மிகுந்த தோட்டம் என்னும் பெயரெடுத்த இடத்தில் ஆள் தங்குவது அரிதாயிற்று. மருத்துவ வசதி அளிப்பது சட்டக் கடமையாகவும் இருந்தது. கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதனை நிலைநிறுத்தியது. ஆயினும் தோட்டத்திற்கு ஒரு மருத்துவரை நியமிப்பது செலவு மிக்கது. எனவே பல தோட்டங்களுக்கு ஒரு வருகை மருத்துவர் குறித்த நாள்களில் வந்து சென்றார். எஞ்சிய நாள்களில் மருத்துவமனை டிரஸரின் பொறுப்பில் இருந்தது. புண்ணுக்குக் கட்டுப் போடுபவரைக் குறித்த ஆங்கிலச் சொல், ஏறத்தாழ ஒரு மருத்துவரின் வேலையைச் செய்தவருக்குப் பெயராயிற்று.

விடியற்காலைப் பெரட்டில் அவர் பணி தொடங்கும். காய்ச்சல் என்று ஒதுங்கி நிற்பவர்களைப் பார்த்து, வேலைக்குச் செல்லத்தக்கவர் யார், படுக்கவேண்டியவர் யார் எனப் பிரிக்க வேண்டும். கொய்னா மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்கச் செய்ய வேண்டும். பின்னர்க் காற்புண்களுக்கு மருந்திடுதல், கொக்கிப்புழு நோய்க்கு மருந்து தருதல், ஆயாக்கொட்டகைக் குழந்தைகளைப் பார்த்தல், பதிவேடுகளை எழுதுதல் என வேலை நீளும். மால்கம் வாட்சன் 1901 முதல் கிள்ளானில் மேற்கொண்ட வடிகால் பணிகளின் வெற்றி தோட்டங்களுக்கும் பரவியபின், கொசு ஒழிப்பும் தோட்ட நலப்பணியின் ஒரு கூறாயிற்று.

ஹாக்மன், ஓல்டாம் ஆகியோர் 1976இல் வெளியிட்ட பணிப்பண்புக் கோட்பாடு ஐந்து கூறுகளைச் சுட்டுகிறது: பல்திறன், பணியின் முழுமை, பிறர்வாழ்வில் அதன் முக்கியத்துவம், தன்னுரிமை, பின்னூட்டம். முதல் மூன்றில் டிரஸரின் பணிக்குக் குறையேதுமில்லை. நோய் கண்டறிவது முதல் நோயாளி எழுந்து செல்வது வரை ஒருவரே பார்க்கும் வாய்ப்பு, இன்றைய பெருநகர மருத்துவமனைத் தாதியர்க்குக்கூட எளிதில் கிட்டாது. சிக்கல் பின்னிரண்டில் உள்ளது. மருந்தைப் பொறுத்தவரை அவர் வருகை மருத்துவருக்குக் கட்டுப்பட்டவர். சம்பளம், குடியிருப்பு, வேலை நிலைப்பு ஆகியவற்றிலோ தோட்டத் 'துரை'க்குக் கட்டுப்பட்டவர். மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒருவர், துரையின் கணக்கில் பால்வெட்ட ஆளில்லாத ஒரு நிரை. பலரை அனுமதிக்கும் டிரஸர் ஒரு தலைமைக்குக் கடமையுணர்வு மிக்கவராகவும், மற்றொரு தலைமைக்கு இளகிய மனத்தராகவும் தோன்றியிருப்பார் எனக் கருத இடமுண்டு.

தொழிலாளியின் நிலையும் இதனைக் கடினமாக்கியது. நாட்கூலி பெறுபவருக்கு ஒரு நாள் படுக்கை ஒரு நாள் கூலி இழப்பு. ஆகவே காய்ச்சலை மறைத்துக்கொண்டு காட்டுக்குப் போனவர்களும் உண்டு. நோயை மறைக்க இருதரப்பாருக்கும் காரணம் இருந்த இடத்தில், அதைக் கண்டுபிடிப்பதே டிரஸரின் கடமை. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் இப்பணியில் பலர் இருந்தமையால், வகுப்பு இடைவெளியும் குறுக்கே நின்றது. சிகிச்சை பெற்றவரின் குறை மேலே சென்றுசேர எளிய வழி ஏதும் இருக்கவில்லை. இத்தகைய அமைப்பில் சிலர் நள்ளிரவிலும் ஓடிவந்தனர் என்பதே, அன்புணர்வு பற்றிய செய்தி என்பதைவிட, வியப்புக்குரிய வரலாற்றுச் செய்தி என்பேன்.

1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பல இடங்களில் இவ்வசதிகளும் சிதைந்தன. 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. யார் இப்பணியைச் செய்யலாம் என்பதை அது வரையறுத்தது. பணியின் பெயரும் மதிப்புப் பெற்றது. அவரது சம்பளமும் வீடும் முன்போலத் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே இருந்தன.