ஏரி வாரியமும் பாலாற்று வழக்கும்

முசரவாக்கம் உள்ளிட்ட காஞ்சி வட்டாரம் ஏரிகளால் வாழ்ந்த நாடு. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921), 30 குடும்புகளிலிருந்து குடவோலைவழித் தேர்ந்தோருள் அறுவரை ஏரி வாரியத்தில் அமர்த்துகிறது. நிலமுடையோர்க்கே அதில் இடமெனினும், ஏரி ஊர்ச்சபையின் பொறுப்பாயிருந்தது. வழக்கமாயிருந்த குடிமராமத்தை 1858ஆம் ஆண்டுச் சட்டம் தண்டத்திற்கஞ்சிச் செய்யும் வேலையாக்கிற்று. இவ்வட்டார ஏரிகள் பலவற்றை நிரப்பும் பாலாறும் இடம்பெற்ற 1892 உடன்படிக்கையில் ஒப்பமிட்டவை சென்னை, மைசூர் அரசுகளே.

2006இல் ஆந்திர அரசு குப்பம் அருகே கணேசபுரத்தில் அணைகட்ட முனைந்தபோது பாலாற்று உழவர் எதிர்த்தனர். தமிழக அரசு உச்சநீதிமன்றத்தை அணுகியது. கரைக்கு மண்சுமந்த கை மனு ஏந்தும் கையாயிற்று. வழக்கு ஆற்றைக் காக்கலாம். தூர்ந்த ஏரியை மீட்க, ஊர் மீண்டும் கூடவேண்டும்.