கோடரியா, கத்தியா?

நேயர்களே, பள்ளிச் சாரணர் காட்டோரத்தில் பாசறை அமைக்கப் புறப்படும்போதெல்லாம் ஒரு வழக்கு என் மேசைக்கு வரும். "ஐயா, கோடரியைக் கொண்டுபோவதா, பெரிய கத்தியைக் கொண்டுபோவதா? இரண்டும் சுமையல்லவா?" என்பர் மாணாக்கர். இவ்வழக்கில் சான்று பகரத்தக்க ஒருவரை நம் திருகோணமலைக் கரையே வரலாற்றுக்கு அளித்துள்ளது. அவர் பெயர் றொபேட் நொக்ஸ்.

1659ஆம் ஆண்டு நவம்பரில் சோழமண்டலக் கரையில் வீசிய புயலில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'ஆன்' என்னும் கப்பல் தன் நடுப் பாய்மரத்தை வெட்டி வீழ்த்த நேர்ந்தது. புதுப் பாய்மரம் நாட்டும் பொருட்டு அது கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரையும், இளைஞராயிருந்த அவர் மகன் நொக்ஸையும் சிறைப்பிடித்தனர். தந்தையார் 1661இல் சிறையிருப்பிலேயே மறைந்தார். மகனோ தொப்பி பின்னியும் பண்டம் விற்றும் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் வாழ்ந்தார். புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் முதலியவற்றைச் சுமந்த வணிகராய் வடபுலம் சென்று, தப்பும் வழியை ஆராய்ந்தார்.

1679இல் ஸ்டீவன் றட்லண்ட் என்னும் தோழருடன் அவர் அநுராதபுரத்துக் காட்டினுள் புகுந்தார். அகப்பட்டால் உயிருக்கே உலை. ஆதலின் வீண் சுமை ஒன்றும் எடுத்திலர். பத்து நாளைக்கு அரிசி, சமைக்க ஒரு பாத்திரம், நீருக்குச் சுரைக்குடுக்கை, கூடாரமாக விரிக்கத் தாளிப்பனை ஓலை, சக்கிமுக்கிப் பெட்டி, முள் தைக்காமற் பாதணி செய்ய மான்தோல். இவற்றோடு ஒவ்வொருவர் கையிலும் நீண்ட தடியிற் பொருத்திய சிறு கோடரி. இடையில் நல்லதொரு கத்தி. புலிக்கும் கரடிக்கும் இவை போதும், யானைக்கு மட்டும் ஓடுவதே தக்க காவல் என்று நொக்ஸ் எழுதுகிறார்.

சுமையை இத்துணை எண்ணிக் குறைத்தவர்கள் இரண்டு கருவிகளையும் ஏன் கைவிடவில்லை? கோடரியின் கனம் முழுவதும் தலையிலே திரண்டுள்ளது. ஆகவே உலர்ந்த பாலைமரக் கட்டையையும் அது பிளக்கும். ஆயின் வளையும் கொடியிலும் மெல்லிய முட்செடியிலும் அதன் வீச்சு வீணாகும். அங்கே நீண்ட அலகுடைய கத்தியே பயன்படும். ஓலை நறுக்கவும் தோல் அறுக்கவும் கத்தியே வேண்டும். அதே கத்தியால் விறகு பிளக்க முயன்றால் அலகு பழுதாகும், கையும் சலிக்கும். நொக்ஸின் கோடரி சிறிது என்பதையும் மறவாதீர். நெடுந்தடி அதற்கு எட்டும் தூரத்தைத் தந்தது. சிறு தலை சுமையைக் குறைத்தது.

அருவியாறு எனத் தமிழர் வழங்கும் மல்வத்து ஓயாவின் வழியே நடந்து, 1679 ஒக்ரோபர் 18ஆம் நாள் இருவரும் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். நொக்ஸ் எழுதிய இலங்கை வரலாறு 1681இல் இலண்டனில் வெளிவந்தது.

ஆகவே என்னிடம் வரும் மாணாக்கருக்கு நான் தீர்ப்புக் கூறுவதில்லை. எதிர்வினா ஒன்றே தொடுப்பேன். "நீ வெட்டப்போவது விறகா, முட்புதரா? அதை முதலிற் சொல். விறகாயின் கோடரியை எடு. புதராயின் கத்தியை எடு. இரண்டுமாயின், நொக்ஸைப் போலக் கோடரியைச் சிறிதாக்கி, இரண்டையும் எடு. யானையாயின், இரண்டையும் போட்டுவிட்டு ஓடு!"