செல் மாத்தலாமா?

என் அப்பா பெங்களூரு சிவாஜிநகரில் லாரி பேட்டரிகளுக்கு பிளேட் மாற்றும் வேலை பார்த்தவர். ஜீவனஹள்ளியிலிருந்து காக்ஸ் டவுன் வழியாக சைக்கிளில் போவார். சட்டையெல்லாம் ஆசிட் பட்ட பொத்தல். அந்தக் காலத்து பேட்டரி கறுப்பு எபோனைட் பெட்டி, மேலே தார் ஊற்றி மூடியிருக்கும். புளோ லேம்ப்பால் தாரை இளக்கிச் சுரண்டினால் பிளேட் கட்டு அப்படியே மேலே வரும். பாசிட்டிவ் பிளேட்தான் முதலில் உதிரும், அடியில் பழுப்புச் சேறாகக் கிடக்கும். கழுவி, பிளேட்டும் செப்பரேட்டரும் மாற்றி, ஈயத்தை உருக்கி இணைத்து, ஆசிட் ஊற்றி சார்ஜில் போடுவார்கள். ஹைட்ரோமீட்டர் 1250 காட்டினால் டிரைவர் காசை எண்ணுவார். அந்தச் சேறு போனது சாக்கடைக்குத்தான், அதையும் சொல்ல வேண்டும்.

உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டி வந்ததும் அந்தத் தொழில் தேய்ந்தது. 2001-இல் மத்திய அரசு விதி வந்து, பழைய ஈய பேட்டரியைத் திரும்ப வாங்குவது தயாரிப்பவர், விற்பவர் பொறுப்பானது.

நான் கை வைத்தது டிரில் பேட்டரியில். கம்பியில்லா டிரில்லை பிளாக் அண்ட் டெக்கர் 1961-இல் கொண்டு வந்தது. உள்ளே இருந்த நிக்கல்-காட்மியம் செல் அதைவிடப் பழசு. 1899-இல் ஸ்வீடனின் யுங்னர் கண்டது. 12 வோல்ட் பேக்கைப் பிரித்தால் 1.2 வோல்ட் செல் பத்து. ஒன்று சோர்ந்தால் போதும், மற்ற ஒன்பதும் அதைத் தலைகீழாக சார்ஜ் செய்து கொன்றுவிடும். நாலு ஸ்க்ரூ, நிக்கல் பட்டை, ஸ்பாட் வெல்டிங், மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். அந்த பேக்குக்கு செல் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம் என்று இன்றும் சொல்வேன். காட்மியம் விஷம் என்பதால் ஐரோப்பாவில் 2016-இன் முடிவோடு கருவிகளிலிருந்தே அதை விலக்கிவிட்டார்கள்.

2005-இல் மில்வாக்கி லித்தியம்-அயான் கருவிகளை இறக்கிய பிறகு கணக்கே வேறு. 18650 என்ற செல், 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 நீளம். ஐந்தைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட். (20 வோல்ட் என்று அச்சடித்ததிலும் அதே ஐந்துதான், முழு சார்ஜில் அளந்த கணக்கு.) கூடவே ஒரு சர்க்யூட் போர்டு. செல் மிகவும் இறங்கிவிட்டால் சில போர்டுகள் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். புது செல் வைத்தாலும் திறக்காது. தாரை இளக்க புளோ லேம்ப் இருந்தது, இதற்கு என்ன செய்ய?

"அண்ணா, எஸ்.பி. ரோட்டுல 9,900 எம்ஏஎச் செல் மலிவா கெடைக்குது, போட்டுக் கொடுங்க" என்று இன்டீரியர் வேலைப் பையன்கள் கொண்டு வருவார்கள். 18650 செல்லில் 3,500-ஐத் தாண்டுவதே அபூர்வம். தராசில் வைப்பேன், நல்ல செல் 45 கிராம் வாக்கில் நிற்கும், இது பாதியைக்கூட எட்டாது. லேப்டாப்பிலிருந்து பிரித்த செல்லும் உதவாது. சுவரில் துளையிடும்போது டிரில் 15, 20 ஆம்பியர் இழுக்கும். அந்தச் செல் சூடாகிப் படுத்துவிடும்.

2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள், புதுப்பிப்பவர்களும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிய வேண்டும் என்கின்றன. தெருவோரக் கடை எதிலும் அந்தச் சான்றிதழ் மாட்டிப் பார்த்ததில்லை.

இப்போது பேக் வந்தால் முதலில் செல் ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்க்கிறேன். போர்டு உயிரோடிருந்து, அதிக ஆம்பியர் தாங்கும் ஒரே பேட்ச் செல்லும் கிடைத்தால் மாற்றித் தருவேன். செலவு புது பேக் விலையில் பாதியைத் தாண்டினால் கடைக்கே அனுப்பிவிடுகிறேன்.