92 விழுக்காட்டில் நின்ற திரை: இணைய முகப்புக் கோப்புகளின் தொகுப்புத் தாமதம், ஒரு வரலாற்று ஆய்வு

2018ஆம் ஆண்டுவாக்கில் வெப்பேக் 4 என்ற கருவியோடு மல்லுக்கட்டிய இணைய நிரலாளர்கள் ஓர் எண்ணை எளிதில் மறக்க மாட்டார்கள்: 92. கட்டளையைத் தட்டியதும் திரையில் விழுக்காடு மளமளவென்று ஏறும். 92ஐத் தொட்டதும் அப்படியே நின்றுவிடும். சிறிய தளமென்றால் சில நொடிகள். பெரிய தளமென்றால் எழுந்துபோய்க் காப்பி குடித்துவிட்டு வரலாம். கருவி வேலை செய்கிறதா, தொங்கிவிட்டதா என்பதைத் திரையைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

அந்தத் திரைக்குப் பின்னால் நடந்தது இதுதான். நிரலாளர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் கோப்புகளும், அவர் இரவல் வாங்கிய நூற்றுக்கணக்கான லைப்ரரிகளும் ஒன்றாகத் தொகுக்கப்பட்டு, பழைய பிரவுசர்களுக்கும் புரியும்படி மாற்றப்பட்டு, கடைசியில் இடைவெளிகளும் நீண்ட பெயர்களும் களையப்பட்டுச் சுருக்கப்படும். 92இல் நின்றது அந்தக் கடைசிச் சுருக்கும் வேலை. ஆனால் இவ்வளவு வேலை ஏன் வந்தது? வாசகரின் காத்திருப்பைக் குறைக்கப்போய் அது நிரலாளர் தலையில் விழுந்தது. அதே காலத்தில் புரோசஸர்களின் வேகம் தேங்கியதால் அந்தப் பாரம் இரட்டிப்பாகத் தெரிந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தப் புரோசஸர்கள் பொதியப்பட்டுச் சோதிக்கப்பட்ட ஊர்களில் ஒன்று பினாங்கு. எனவே இந்த வரலாற்றை அங்கிருந்தும் பார்க்க முடியும்.

வாசகர் காத்திருந்த காலம்

1990களின் பிற்பகுதியில் பினாங்கின் ஜோர்ஜ்டவுனில் இணையத்தைத் திறந்தவர், மோடத்தைத் தொலைபேசிக் கம்பியில் செருகி, டிஎம்நெட்டின் 1515 எண்ணுக்கு அழைத்து, கீச்சொலி அடங்கும்வரை பொறுத்திருந்தார். 2001இல் டெலிகாம் மலேசியாவின் ஸ்ட்ரீமிக்ஸ் வந்தது. எக்சாபைட்ஸ் என்ற இணையவெளி வாடகை நிறுவனம் பினாங்கில் தொடங்கப்பட்டதும் அதே 2001இல்தான். அன்று தளம் வைப்பது எளிது: எழுதிய கோப்பை எஃப்டிபி மூலம் சர்வருக்கு இழுத்துவிட்டால் முடிந்தது. தொகுப்பு என்றொரு படியே கிடையாது.

விலையைக் கொடுத்தவர் வாசகர். 1999இல் வெளியான எச்டிடிபி 1.1 வரையறை, ஒரு பிரவுசர் ஒரு சர்வரோடு ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகளுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றது. ஒரு பக்கத்தில் 30 கோப்புகள் இருந்தால் அவை இரண்டு இரண்டாகத்தான் வரும். யாகூவில் பணியாற்றிய ஸ்டீவ் சவுடர்ஸ் 2007இல் வெளியிட்ட நூல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியது. வாசகர் காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 விழுக்காடு சர்வரில் கழிவதில்லை, பக்கத்தின் உறுப்புகளை இறக்குவதில்தான் கழிகிறது என்றார் அவர். அவருடைய முதல் விதி, கோரிக்கைகளின் எண்ணிக்கையைக் குறை என்பது.

கோப்புகளை ஒட்டு, சுருக்கு என்ற பழக்கம் இதனால் வேரூன்றியது. டக்ளஸ் க்ரோக்ஃபோர்டின் ஜேஎஸ்மின் 2001இலேயே குறிப்புகளையும் வெற்றிடங்களையும் நீக்கியது. யாகூவின் ஒய்யூஐ கம்ப்ரெஸர் 2007இலும், கூகுளின் குளோஷர் கம்பைலர் 2009 நவம்பரிலும் வந்தன. இவற்றை நாளுக்கு ஒருமுறை, தளத்தை வெளியிடும்போது மட்டும் ஓட்டினால் போதும். அதனால் யாரும் வேகத்தைப் பற்றிப் புலம்பவில்லை.

பாரம் கைமாறியது

திருப்பம் 2011 ஆகஸ்ட் 31. ரூபி மொழியில் இணையத்தளம் கட்டும் சட்டகமான ரூபி ஆன் ரெயில்ஸின் 3.1 பதிப்பு அன்று வெளியானது. ஸ்ப்ராக்கெட்ஸ் என்ற கருவியின் மேல் கட்டப்பட்ட ‘அசெட் பைப்லைன்’ அதில் இயல்பாகவே வந்தது. சிஎஸ்எஸ்-க்குப் பதில் சாஸ், ஜாவாஸ்கிரிப்டுக்குப் பதில் காஃபிஸ்கிரிப்ட் என்று நிரலாளர் தமக்கு வசதியான மொழியில் எழுதலாம். மாற்றித் தருவது கருவியின் பொறுப்பு. வசதி பெரிது, விலையும் பெரிது. சாஸ் அன்று ரூபியிலேயே எழுதப்பட்டிருந்ததால் பெரிய நடைத்தாள்களை மாற்ற மூச்சு வாங்கியது.

தாமதத்துக்குக் காரணம் தேடப் புறப்பட்டவர்களிடம் ஒரு விநோதம் அகப்பட்டது. ரெயில்ஸ் 3 வரிசையில் தொகுப்புக் கட்டளை எல்லாக் கோப்புகளையும் இருமுறை தொகுத்துக்கொண்டிருந்தது: கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகைக் குறியைப் பெயரோடு சேர்த்த பதிப்புக்கு ஒருமுறை, சேர்க்காத பதிப்புக்கு ஒருமுறை. இரண்டாம் சுற்றைத் தவிர்த்து, மாறாத கோப்புகளைக் கேஷிலிருந்து எடுத்துத் தரும் டர்போ ஸ்ப்ராக்கெட்ஸ் என்ற இணைப்பு பரவியதற்கு அதுவே காரணம். 2013இல் வந்த ரெயில்ஸ் 4 கைரேகைப் பதிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டது. புரோசஸரை மாற்றாமல், மொழியை மாற்றாமல், ஒரே வேலையை இருமுறை செய்வதை நிறுத்தியதாலேயே தீர்ந்த சிக்கல் இது.

சாஸ் தேர்ந்த வழி வேறு. 2012இல் அதன் உட்கரு சி, சி++ மொழிகளில் லிப்சாஸ் என்று மறுபடி எழுதப்பட்டது. ஆமை வேகம் போயிற்று. 2019 மார்ச்சில் ரூபி சாஸுக்கான ஆதரவு அதிகாரபூர்வமாக முடிவுக்கு வந்தது. மெதுவான மொழியில் பிறந்த கருவியை வேகமான மொழியில் திருப்பி எழுதும் இந்த உத்தி, பத்தாண்டுக்குள் ஜாவாஸ்கிரிப்ட் உலகம் முழுவதையும் புரட்டிப்போட்டது.

அதற்குள் களம், ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ் பக்கம் நகர்ந்திருந்தது. 2012இல் ஜெர்மானியரான டோபியாஸ் கோப்பர்ஸ் தொடங்கிய வெப்பேக், படம், எழுத்துரு, நடைத்தாள் எல்லாவற்றையும் ஒரே சார்புச் சங்கிலியில் கோத்தது. 2014இல் பிறந்த பேபல், புதிய ஜாவாஸ்கிரிப்டைப் பழையதாக்கியது. கோப்பைச் சேமித்தவுடன் திரையில் மாற்றம் தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வளர்ந்தது. நாளுக்கு ஒருமுறை ஓடிய தொகுப்பு, நிரலாளர் ஒரு வரியைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் ஓடத் தொடங்கியது. பினாங்கிலிருந்தே உலகுக்குப் போன பிக்டோசார்ட் போன்ற சேவைகள், விளக்கப்படம் வரையும் முழுச் செயலியையே பிரவுசருக்குள் கொண்டுவந்த காலம் அது. வலைப்பக்கம் என்று தொடங்கியது மென்பொருளாகவே ஆகிவிட்டிருந்தது.

பாயான் லெப்பாஸும் தேங்கிய வேகமும்

பாரம் கூடியபோது இயந்திரம் ஏன் கைகொடுக்கவில்லை? இங்குதான் பினாங்கு வருகிறது. 1969இல் பினாங்கு தன் சுதந்திரத் துறைமுகத் தகுதியை இழந்தது. தீவில் வேலையின்மை தலைவிரித்தாடியது. அதே ஆண்டு முதலமைச்சரான லிம் சொங் யூவின் அரசு பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை நிறுவி, 1972இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் சுதந்திர வணிக வளாகத்தைத் திறந்தது. இன்டெல், ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ், ஹியூலெட் பேக்கார்ட் போன்றவை வந்திறங்கின. இன்டெலுக்கு அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதல் ஆலை அதுவே. 1975இல் அந்த ஆலை தீக்கிரையானது. நிறுவனம் ஊரை விட்டுப் போகவில்லை, மறுபடி கட்டியது.

அந்த வளாகத்தில் சில்லுகளைப் பொதிந்து சோதித்த முப்பது ஆண்டுகளில் மென்பொருள்காரர்களுக்கு ஒரு சொகுசு வாய்த்தது. நிரல் மெதுவாக ஓடினால் அடுத்த ஆண்டுச் சில்லு வரும்வரை பொறுத்தால் போதும். 2004இல் சொகுசு முடிந்தது. பென்டியம் 4 வரிசை 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டி நின்றது. 4 கிகாஹெர்ட்ஸ் பதிப்பைக் கைவிடுவதாக இன்டெல் அந்த அக்டோபரில் அறிவித்தது. வெப்பமும் மின்நுகர்வும் கட்டுக்கடங்கவில்லை. 2005இல் பென்டியம் டி, கோர்கள் எனப்படும் இரண்டு கணிப்பு மையங்களோடு வந்தது. அதன்பின் வளர்ந்தது முக்கியமாகக் கோர்களின் எண்ணிக்கைதான்.

1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் வடித்த ஜாவாஸ்கிரிப்ட், ஒரு நேரத்தில் ஒரு வேலை என்ற இயல்புடையது. நோட்.ஜேஎஸும் அதைச் சுவீகரித்தது. நாசி கண்டார் கடையில் ஒரே ஆள் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, கல்லாவிலும் உட்கார்ந்தால், பக்கத்தில் ஏழு பேர் கைகட்டி நின்றாலும் வரிசை நகராது. எட்டுக் கோர் கணினியில் வெப்பேக் பெரும்பாலும் அப்படித்தான் ஓடியது. ஹேப்பிபேக், திரெட்-லோடர் போன்ற துணைக்கருவிகள் வேலையைப் பிரித்துக் கொடுத்தன. ஆனால் ஒரு செயலாக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தரவைப் பொட்டலம் கட்டி அனுப்பிப் பிரிப்பதிலேயே மிச்சமான நேரத்தின் ஒரு பகுதி கரைந்தது.

மூன்று தீர்வுகள்

2020 இந்த வரலாற்றில் முக்கிய ஆண்டு. மூன்று வேறு விடைகள் அடுத்தடுத்து வந்தன.

முதல் விடை, வேகமாகச் செய். ஃபிக்மா என்ற வடிவமைப்புச் செயலியின் இணை நிறுவனர் இவன் வாலஸ், கோ மொழியில் எஸ்பில்டை எழுதினார். கோர்கள் அனைத்தும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்து வேலை செய்தன. நிரலின் இலக்கண மரத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிவருவதும் குறைந்தது. திரீ.ஜேஎஸ் லைப்ரரியின் பத்துப் படிகளைத் தொகுக்கும் அளவுகோலை அவரே வெளியிட்டார். அதன் பிந்தைய பதிப்பில் எஸ்பில்டுக்கு 0.39 நொடி, வெப்பேக் 5-க்கு 41.21 நொடி. ஆக்கியவரே நடத்திய சோதனை என்பதைக் கழித்துப் பார்த்தாலும், நூறு மடங்கு வித்தியாசம் துறையை உலுக்கியது.

இரண்டாம் விடை, செய்ததைத் திரும்பச் செய்யாதே. 2020 அக்டோபரில் வந்த வெப்பேக் 5, முந்தைய தொகுப்பின் முடிவுகளை வட்டில் சேமித்துவைக்கும் நிரந்தரக் கேஷைக் கொண்டுவந்தது.

மூன்றாம் விடை, செய்யவே செய்யாதே. 2018க்குள் முன்னணி பிரவுசர்கள் ஜாவாஸ்கிரிப்ட் தொகுதிகளை நேரடியாகவே ஏற்கக் கற்றிருந்தன. இவன் யூ 2020இல் வெளியிட்ட வீட், உருவாக்கத்தின்போது நிரலாளரின் சொந்தக் கோப்புகளை ஒட்டாமல், பிரவுசர் கேட்கும்போது ஒவ்வொன்றாகக் கொடுத்தது. ஆனால் லோடாஷ்-இஎஸ் என்ற லைப்ரரிக்குள் 600க்கு மேற்பட்ட தொகுதிகள் இருக்கின்றன. அதிலிருந்து ஒரேயொரு செயல்கூறைக் கேட்டாலும் 600 கோரிக்கைகள் பறக்கும். ஆகவே வெளி லைப்ரரிகளை மட்டும் எஸ்பில்டால் முன்கூட்டியே ஒட்டிவைக்க வேண்டியதாயிற்று. காத்திருப்பு மறுபடியும் பிரவுசர் பக்கம் எட்டிப்பார்த்த இடம் இது.

தமிழில் தளம் நடத்துவோருக்கு இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. எஸ்பில்ட் இயல்பாக ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே வெளியிடும். மற்றவற்றைக் குறியீடாக மாற்றிவிடும். ‘பினாங்கு’ என்ற சொல்லில் எட்டு யூனிகோட் குறிகள். யூடிஎஃப்-8இல் அவை 24 பைட், குறியீடாக்கினால் 48. தவறான எழுத்துக்குறியாக்கத்தில் பிரவுசர் கோப்பைப் படித்துவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை இதற்கு ஒரு காரணம். அமுக்கி அனுப்பும்போது வித்தியாசம் பெருமளவு குறையும். அமைப்பில் யூடிஎஃப்-8 என ஒரு வரி சேர்த்தால் மறைந்தே போகும். இருந்தாலும், வெளியான கோப்பில் பிழை தேடுபவர் கண்ணுக்குத் தமிழ்ச் சொல் அகப்படாது, எண்களின் குவியல்தான் தெரியும்.

பழுது எங்கே?

இந்த வரலாறு பழுது தேடும் வரிசையையும் மாற்றியிருக்கிறது. முதலில் கவனிக்க வேண்டியது, தொகுப்பு ஓடும்போது கோர்கள் என்ன செய்கின்றன என்பது. ஒன்று மட்டும் முழுவேகத்தில் சுழன்று மற்றவை சும்மா இருந்தால், கருவியின் ஒற்றை இழை இயல்புதான் தடை. எந்தக் கோரும் உழைக்கவில்லை என்றால் வட்டின் மேல் சந்தேகப்பட வேண்டும்: பல்லாயிரம் சிறு கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் வைரஸ் தடுப்பான், அல்லது மேக் கணினியில் டாக்கருக்குள் பகிரப்பட்ட கோப்புறை. இரண்டாம் முறை ஓட்டும்போதும் முதல் முறை அளவுக்கே நேரம் பிடித்தால் கேஷ் வேலை செய்யவில்லை. ஜாவாஸ்கிரிப்டோடு தரவு வகைகளைச் சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட் மொழியின் வகைச் சோதனை தொகுப்போடு பிணைந்திருந்தால், அதைத் தனியே பிரித்து இணையாக ஓடவிடலாம்.

சில சமயம் வேகத்தைத் தேடிப் பழைய கருவியின் கீழே புதிய தளத்தைச் செருகுவதே வினையாகிவிடும். 2021 அக்டோபரில் நோட் 17 வந்ததும் வெப்பேக் 4 தளங்கள் பல நின்றேபோயின. கோப்புகளுக்கு அடையாளம் இட வெப்பேக் பயன்படுத்திய எம்டி4 என்ற பழைய முறையை, நோட் 17உடன் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3 ஒதுக்கிவைத்திருந்தது.

இன்று வரலாறு இரண்டு கிளைகளாக ஓடுகிறது. ஒரு கிளை, எல்லாவற்றையும் வேகமான மொழியில் திருப்பி எழுதுவது. 2025 மார்ச்சில் டைப்ஸ்கிரிப்டின் தலைமை வடிவமைப்பாளர் ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க், அதன் கம்பைலரை கோ மொழிக்கு மாற்றுவதாக அறிவித்தார். 15 லட்சம் வரிகள் கொண்ட விஷுவல் ஸ்டூடியோ கோடின் நிரலைச் சோதிக்கும் நேரம் 77.8 நொடியிலிருந்து 7.5 நொடியாக இறங்கியது. மற்றக் கிளையில் ரெயில்ஸ் நிற்கிறது. 2024 நவம்பரில் வந்த ரெயில்ஸ் 8, ஸ்ப்ராக்கெட்ஸை இறக்கிவிட்டு ப்ராப்ஷாஃப்டை இயல்பாக்கியது. அது எதையும் மொழிமாற்றுவதில்லை, சுருக்குவதுமில்லை; கோப்பின் பெயரில் கைரேகைக் குறியைச் சேர்த்து அப்படியே அனுப்பிவிடுகிறது. தொகுப்பு இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஜேஎஸ்பண்ட்லிங் என்ற தனி இணைப்பை ரெயில்ஸ் குழு வைத்திருக்கிறது. பன், எஸ்பில்ட், ரோலப், வெப்பேக் ஆகியவற்றில் விரும்பியதை அதில் பூட்டிக்கொள்ளலாம்.